ஆறாவது பொருளுக்கு மூன்று சான்றுகள்

ஜூன் 3

மெக்கானிக் ஐயா அவர்களுக்கு,

நலம் விசாரித்து நாலு வரி எழுதினால், "விஷயத்துக்கு வா" என்று அங்கிருந்தே முணுமுணுப்பீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன். உங்களிடமிருந்து எனக்கு ஒரு வாக்கியம் வேண்டும். சரியாகச் சொன்னால் மூன்று.

எங்கள் ஆங்கில-தமிழ் அகராதி ஊர்ந்து ஊர்ந்து 'டி' எழுத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. இப்போது என் மேஜையில் கிடப்பது 'டிராவல்'. பார்த்தால் பரம சாதுவான சொல். 'பயணம் செய்' என்று எழுதி மூடிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதமாக என் உயிரை வாங்குகிறது. ஆட்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் போவது முதல் பொருள். வெளிச்சமும் சத்தமும் போவது இரண்டாவது. செய்தி வாய்க்கு வாய் பரவுவது மூன்றாவது. பார்வை ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்கு ஓடுவது நாலாவது. ஒரு பண்டம் வெளியூர் கொண்டுபோனால் கெடாமல் தாங்குவது ஐந்தாவது. கூடைப்பந்தில் பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டால் அதற்கும் இதே பெயர்தான், அது தப்பாட்டம். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஆரம்பித்த தகராறில் இரண்டு உதவி ஆசிரியர்கள் போன வாரத்திலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அதை விட்டுவிட்டால் ஆறாவது உங்களுடையது. இயந்திரத்தில் ஒரு பாகம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நகரும் தூரம். அகராதியின் தலைமை ஆசிரியர் ஒரே பிடியாக நிற்கிறார். "கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்றதுக்குப் பேரு டிராவலாம்மா? புறப்பட்டா எங்கேயாவது போய்ச் சேர வேண்டாமா?" என்கிறார். நான், "எங்க வீட்டுக்காரர் இருபது வருஷமா லிஃப்ட் வேலையில அந்த அர்த்தத்தை வெச்சுத்தான் சார் சாப்பிடறார்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் என்று பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது. நீங்கள் போய் நாலு வருஷம் ஆனது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் விதி உங்களுக்கு மறந்திருக்காது. சொல்லை அந்தப் பொருளில் ஆளும் மூன்று சான்று வாக்கியம் இல்லாமல் எந்தப் பொருளையும் ஏற்க மாட்டோம். அதுவும் அந்தத் தொழிலில் இருப்பவர் தன் கையால் எழுதியதாக இருக்க வேண்டும். முன்பு நகல் எடுத்துக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியங்களைச் சொந்தமாகக் கட்டிவிட்டதிலிருந்து நாங்கள் நகலை நம்புவதில்லை. வந்த தாளையே வெட்டி அட்டையில் ஒட்டிவிடுவோம். ஆகையால் தயவுசெய்து தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள்.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. நீங்கள் இருந்தால் என்னைத் திட்டிக்கொண்டே சரிசெய்திருப்பீர்கள். இப்போதைக்குக் கீழே ஒரு பாத்திரம் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அகராதி


ஜூன் 17

அகராதி அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. குழாயில் வாஷர் தேய்ந்திருக்கும். மேலே உள்ள திருகைக் கழற்றுவதற்கு முன் தண்ணீரை அடைத்துவிடு. அடைக்காமல் கழற்றி முகமெல்லாம் நனைந்துகொண்டு எனக்குக் கடிதம் எழுதாதே.

உன் தலைமை ஆசிரியரை ஒரு நாள் லிஃப்ட் கூண்டுக்கு மேலே ஏறி என்னோடு நிற்கச் சொல். கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடி வரை கொண்டுபோய்க் காட்டுகிறேன். இறங்கும்போது, "இதுதான் டிராவல்" என்று அவரே சொல்வார். முட்டி நடுங்குகிறவனுக்கு அர்த்தம் சீக்கிரம் விளங்கும்.

நான் இருக்கும் அறை ஒன்பது மாடிக்கும் மேலே, மோட்டார் அறையை ஒட்டி. யாராவது பொத்தானை அமுக்கினால் என் சுவர் லேசாக அதிரும். நாலாம் மாடி டீச்சர் காலை ஏழரைக்கு இறங்குகிறார். ஆறாம் மாடிக் கிழவர் தினமும் பத்து மணிக்கு இறங்கி, கீழே கால் வைக்காமலே மறுபடி ஏறிவிடுகிறார். ஒரு நாள் கேட்டேன். "வீட்டுல சும்மாவே உக்காந்திருக்கேன் தம்பி. போயிட்டு வந்த மாதிரி இருக்கட்டுமே" என்றார். உன் ஆசிரியருக்கு இந்தக் கிழவரையும் சான்றாகக் கொடுக்கலாம். லிஃப்டுக்குள் பேசுகிறவர்கள் கதவை மூடிவிட்டால் ஒருவருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கூண்டு ஏறி இறங்கும் அந்தச் சந்து வழியாக எல்லாப் பேச்சும் என் அறைக்கு வந்துவிடும். உன் இரண்டாவது அர்த்தத்துக்கும் மூன்றாவது அர்த்தத்துக்கும் இங்கே பஞ்சமில்லை.

நீ கேட்ட வாக்கியம்: 'இந்த லிஃப்டின் டிராவல் இருபத்தேழு மீட்டர்.' ஒன்றுதான். ஒரு தடவை சொன்னால் போதாதா, அதையே மூன்று தடவை எதற்குச் சொல்ல வேண்டும்?

தாளைப் பார்த்து யோசிக்காதே. கம்பெனி பெயரையே மாற்றிவிட்டார்கள், பழைய பராமரிப்புப் படிவங்கள் கட்டுக்கட்டாகக் குப்பைக்குப் போக இருந்தன. அட்டை மாதிரி நல்ல தடித்த தாள். மனசு கேட்கவில்லை, எடுத்துவைத்துக்கொண்டேன். பின்பக்கம் காலியாக இருக்கிறதே, அதில் எழுதுகிறேன்.

மெக்கானிக்


ஜூலை 2

ஒரு தடவை மட்டும் சொல்கிறவருக்கு,

தண்ணீரை அடைக்காமல்தான் கழற்றினேன். முகமெல்லாம் நனைந்தது. இதோ கடிதம் எழுதுகிறேன்.

உங்கள் தாளைப் பார்த்துவிட்டு எங்கள் ஒட்டும் மேஜையில் ஒரே புகழ்ச்சி. கத்தரியும் பசையுமாக உட்கார்ந்திருப்பவரைப் பசை அம்மா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது ஊரிலிருந்து ஆட்கள் எழுதி அனுப்புகிறார்கள், ஒருத்தராவது ஒரு பக்கத்தோடு நிறுத்துகிறார்களா என்று தினமும் புலம்புவார். உங்கள் தாளைத் திருப்பிப் பார்த்தார். வெறும் அச்சடித்த படிவம், ஒரு எழுத்து இல்லை. "உங்க ஆளு ஒருத்தர்தாம்மா சொன்னபடி எழுதறார். இனி இவர் தாள் வந்தா நான் திருப்பிக்கூடப் பாக்க மாட்டேன்" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் ஒரு வாக்கியம் போதாது. மூன்று அனுப்புங்கள். ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு எழுதினால் வெட்ட வசதி.

மூன்று எதற்கு என்று கேட்டீர்களே, சொல்கிறேன். ஒரு தடவை சொன்னது காதில் விழாமல் போகலாம். கேட்டவள் வேறு ஏதாவது கவனத்தில் இருந்திருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நான் சாப்பாட்டு மேஜை முழுக்க அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தேன். நீங்கள் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "என்னை அங்கே மாத்திட்டாங்க. நீயும் வர்றியா?" என்று கேட்டீர்கள். நான் நிமிராமல், "இந்த அட்டையை முடிச்சுக்கறேனே" என்றேன். அந்த ஒரு அட்டையைத்தான் சொன்னேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் நீங்கள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தீர்கள், ஒருத்தருடைய துணியை மட்டும். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இன்னொரு தடவை கேட்பீர்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். நாலு வருஷமாக நீங்கள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

இன்னொரு தடவை கேட்டால் உங்கள் தலையிலிருந்து கிரீடம் இறங்கிவிடுமா என்ன? எழுதிவிட்டேன். இதை அடிக்கப் போவதில்லை.

அகராதி


ஆகஸ்ட் 20

உனக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. நடுவில் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு எழுத்து வராது. படிவத்தில் கேள்வி அச்சடித்துக் கொடுத்தால் பதில் எழுதுவேன். இருபது வருஷமாக அதுதான் பழக்கம்.

இங்கே மோட்டார் அறையில் புறாக்கள் குடிவந்திருக்கின்றன. விரட்டினால் திரும்ப வருகின்றன. விட்டுவிட்டேன்.

ஆறாம் மாடிக் கிழவர் போன வாரத்திலிருந்து லிஃப்டில் வருவதில்லை. கேட்டேன். மகள் வீட்டோடு போய்விட்டாராம். மகள் இரண்டு தடவை வந்து கூப்பிட்டாளாம்.

உன் ஆபீஸ் தாள் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். கேட்டபடி மூன்று வாக்கியம், இடைவெளி விட்டு. அதை நன்றாகப் பார்.

மெக்கானிக்


(தாளின் முன்பக்கம்)

1. இந்த லிஃப்டின் டிராவல் இருபத்தேழு மீட்டர்.

2. டிராவல் முடிகிற இடத்தில் சுவிட்ச் வேலை செய்யவில்லை என்றால் கூண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் மேலே போய் இடித்துவிடும்.

3. கதவுக்கு டிராவல் போதவில்லை, பாதிதான் திறக்கிறது. ஆள் உள்ளே வர முடியாது.


(தாளின் பின்பக்கம்)

லிஃப்ட் பராமரிப்புப் படிவம்

இயந்திரம் இருக்கும் இடம்: இரண்டாம் மாடி, தெருப் பக்கத்து வீடு. நம் வீடு என்று எழுதி அடித்துவிட்டு உன் வீடு என்று எழுதினேன். அதையும் அடித்திருக்கிறேன்.

பழுது ஏற்பட்ட நாள்: நீ எழுதிய அந்த ஞாயிற்றுக்கிழமை.

பழுதின் தன்மை: ஒரு தடவை கேட்டான். பதில் முடியும்வரை நிற்கவில்லை.

பழுதுக்குக் காரணம்: மெக்கானிக்.

எடுத்த நடவடிக்கை: நாலு வருஷமாக ஒன்றுமில்லை.

பரிந்துரை: கடல் தாண்டி ஒரு வேலை, ஐந்து வருஷத்துக்கு என்னைக் கேட்கிறார்கள். செப்டம்பர் பதினைந்தாம் தேதி கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு இஷ்டமில்லை. நான் திரும்பி வந்துவிடட்டுமா? பதினாலாம் தேதி, ஞாயிறு, மாலை நாலு மணி பஸ்ஸில் உன் ஊரில் இறங்குவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வா. பதில் எழுத வேண்டாம், எழுத்தில் நீ என்னை மடக்கிவிடுவாய். வந்து நின்றால் போதும். நீ வரவில்லை என்றால் புரிந்துகொள்வேன். அதைப் பற்றி உன்னிடம் ஒரு நாளும் கேட்க மாட்டேன், குத்திக்காட்டவும் மாட்டேன்.

மெக்கானிக் கையொப்பம்: போட்டிருக்கிறேன்.

வாடிக்கையாளர் கையொப்பம்:

முடிவுக் குறிப்பு:


ஆகஸ்ட் 30

மெக்கானிக் ஐயாவுக்கு,

ஜெயித்துவிட்டோம். உங்கள் தாள் வந்ததும் ஆபீஸுக்கு எடுத்துப்போய் ஒன்றுக்கு மூன்று தடவை படித்தேன். நன்றாகப் பார் என்றீர்கள், பார்த்தேன். ஒரு எழுத்து மாற்ற வேண்டியதில்லை. தலைமை ஆசிரியர் இரண்டாவது வாக்கியத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா, உங்க வீட்டுக்காரர் கட்சி ஜெயிச்சுது" என்றார். இப்போது அவரும் வீட்டுக்காரர் என்கிறார். பசை அம்மா மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தாளை மூன்றாக வெட்டி, அட்டையில் ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டார். சொன்ன சொல் தவறாமல் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாக்கியம்தான் எனக்குப் பிடித்தது. கதவு பாதிதான் திறக்கிறது என்பதில் உங்கள் குரல் அப்படியே கேட்கிறது.

நான் போன தடவை கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன். அதற்கு உங்கள் மனசு என்ன என்று புரிந்துகொண்டேன். பரவாயில்லை. சொல்லியே தீர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கிழவரின் மகள் இரண்டு தடவை கூப்பிட்டாள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். நான்தான் அதில் இல்லாததையெல்லாம் படித்துக்கொண்டேனோ என்னவோ.

செப்டம்பரில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. 'டி' எழுத்தை மாதக் கடைசிக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகூட எல்லோரையும் ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தலை நிமிர முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். புறாக்களை விரட்டாதீர்கள்.

அகராதி


செப்டம்பர் 20

அகராதி அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சொல்ல வேண்டியதை மனசு நோகாமல் சொல்லியிருந்தாய். நன்றி.

பதினாலாம் தேதி ஒரு வேலையாக உன் ஊருக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் இருந்தேன். ஆறு மணிக்கு அதே பஸ் திரும்பியது, அதிலேயே ஏறிவிட்டேன். கண்டக்டர், "என்ன சார், வந்ததும் கிளம்பிட்டீங்க?" என்றார். அதே சீட்டில் உட்கார்ந்தேன்.

மறுநாள் ஐந்து வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன். கடல் தாண்டி, புதிதாகக் கட்டுகிற கட்டடங்கள். இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறேன். ஏதாவது அவசரம் என்றால் கம்பெனி முகவரிக்கு எழுது, வந்து சேரும்.

வீட்டுச் சாவி இத்துடன். என்னிடம் சும்மா கிடக்கிறது.

மெக்கானிக்


செப்டம்பர் 27

உங்களுக்கு,

நாலு வருஷத்தில் முதல் தடவையாக இந்த ஊருக்கு வந்திருக்கிறீர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு பத்து நிமிஷ நடை. என் ஆபீஸ் ஏழு நிமிஷம். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்களே தவிர, இருக்கிறாளா செத்தாளா என்று எட்டிப்பார்க்கத் தோன்றவில்லை. அதை வெட்கமில்லாமல் எனக்கே எழுதுகிறீர்கள். ஒரு வேலையாக வந்தேன் என்று.

அன்று நாலு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? உங்கள் மூன்று அட்டைகளை எடுத்து அச்சுக்கு வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து ஆறேகாலுக்குப் பஸ் ஸ்டாண்ட் வழியாகத்தான் வீட்டுக்கு நடந்தேன்.

சாவியை அனுப்பியிருக்கிறீர்கள். மனசு நோகாமல் சொன்னேன் என்று நன்றி வேறு. நான் என்ன சொன்னேன்? கேலி செய்கிறீர்கள் என்பது மட்டும் புரிகிறது. ஜூலையில் நான் வெட்கத்தை விட்டு எழுதியதற்கு இதுதான் பதில் என்றால், சரி, வந்து சேர்ந்தது.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் பிரிக்க மாட்டேன். நான் என்றைக்காவது புத்தி கெட்டுப்போய் உங்களுக்கு எழுதினாலும் நீங்கள் பிரிக்காதீர்கள். அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். நான் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போய் வாருங்கள்.


பிப்ரவரி 11

என் மெக்கானிக்குக்கு,

இதைப் பிரியுங்கள். நான் செப்டம்பரில் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு இதை மட்டும் பிரியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஆபீஸில் மேல்மாடித் தண்ணீர்க் குழாய் உடைந்து அட்டைப் பெட்டிகள் நனைந்துவிட்டன. 'டி' வரிசை முழுக்கத் தண்ணீர். நாங்கள் எல்லோருமாக அட்டைகளை மேஜை மேஜையாகப் பரப்பி மின்விசிறியைப் போட்டோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பசை விட்டுத் துண்டுகளெல்லாம் சுருண்டு கிடந்தன. எது எந்த அட்டையுடையது என்று பொருத்திக்கொண்டிருந்தேன். உங்கள் துண்டு தடித்த தாளல்லவா, சுருளவில்லை, கவிழ்ந்து கிடந்தது. அதில் உங்கள் கையெழுத்து இருந்தது. பின்பக்கத்தில்.

நான் பார்க்கவே இல்லை. சத்தியமாகப் பார்க்கவே இல்லை. உங்கள் தாளின் பின்னால் எப்போதும் காலிப் படிவம்தான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள் என்று சொன்னவளே நான். நீங்கள் பின்பக்கம் எழுதுவீர்கள் என்று எப்படி நினைப்பேன்?

மூன்று துண்டையும் தேடி எடுத்து மேஜையில் சேர்த்து வைத்துப் படித்தேன். 'திரும்பி வந்துவிடட்டுமா' என்ற வரியின் மேலேயே பசை அம்மாவின் கத்தரி ஓடியிருக்கிறது. எழுத்தின் மேல்பாதி ஒரு துண்டில், கீழ்ப்பாதி இன்னொன்றில். ஒட்டவைத்துப் பிடித்தால்தான் படிக்க முடிந்தது. படித்தேன். பிறகு ஆபீஸில் எல்லோர் முன்னாலும் அழுதேன். பசை அம்மா என்னை உட்காரவைத்து, "நான் திருப்பிப் பாத்திருக்கணும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்மேல் என்ன தப்பு? எல்லாச் சொல்லையும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறவள் நான். புருஷன் அனுப்பிய தாளைத் திருப்பவில்லை.

மூன்று தடவை படித்தேன், நன்றாகப் பார்த்தேன் என்று எழுதினேனே. ஞாயிற்றுக்கிழமை தலை நிமிர முடியாது என்று வேறு. அதைப் படித்துவிட்டும் நீங்கள் பஸ் ஏறி வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் உங்களைத் திட்டிக் கடிதம் எழுதினேன். குத்திக்காட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்ததால், "ஒரு வேலையாக" என்று எழுதினீர்கள். இப்போது எல்லாம் புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

வந்துவிடுங்கள். வர முடியாது, கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றால் நான் வருகிறேன். அட்டை முடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்ல மாட்டேன். அகராதி யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

வருகிறேன், வருகிறேன், வருகிறேன். மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

உங்கள்
அகராதி


மே 6

உங்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடப் போவதில்லை.

பிப்ரவரியில் எழுதியது மார்ச் முதல் வாரத்தில் திரும்பி வந்தது. உறை பிரிக்கவில்லை. மேலே உங்கள் கையெழுத்தில், 'சொன்னபடி திருப்பி அனுப்புகிறேன்.' நீங்கள் ஒரு தடவை மட்டும் சொல்கிறவர் என்றுதான் இத்தனை காலம் குறைப்பட்டேன். மற்றவர்கள் சொன்னதையும் ஒரு தடவையிலேயே எடுத்துக்கொள்வீர்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அதையே புது உறையில் போட்டு, 'அவசரம், பிரிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன். அதுவும் மேலே உங்கள் கையெழுத்தில் அதே வரியோடு வந்துவிட்டது. உங்கள் கம்பெனிக்குப் போன் செய்தேன். போனை எடுத்த பெண், "அவர் கட்டட வேலை நடக்கற இடத்துல இருக்கார்மா. சொல்லிப் பாத்தோம். வீட்டுல இருந்து வர்றதை வாங்க மாட்டேங்கறார்" என்றாள். வீடு என்று அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

மூன்றாவது தடவை, பிரிக்கத் தேவையில்லாதபடி அனுப்ப வேண்டும் என்று யோசித்தேன். ஆபீஸ் அட்டை ஒன்றை எடுத்தேன். உங்கள் மூன்று துண்டையும் சேர்த்து, பின்பக்கம் மேலே தெரியும்படி நானே பசை போட்டு ஒட்டினேன். ஆபீஸ் பொருளை வெளியே கொண்டுபோனது இதுதான் முதல் தடவை. பசை அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். படிவத்தில் வாடிக்கையாளர் கையொப்பம் என்ற இடம் காலியாக இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில், 'இதை நான் பிப்ரவரியில்தான் பார்த்தேன்' என்று எழுதினேன். உறை இல்லாமல் அப்படியே தபாலில் சேர்த்தேன்.

நேற்று அது வந்தது. நீங்கள் படித்திருக்கிறீர்கள். கடைசிக் கட்டத்தில், முடிவுக் குறிப்பு என்ற இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 'பார்த்தேன். உன்மேல் தப்பில்லை. அன்றைக்கு ஒரு தடவை பஸ் ஏறித் திரும்பியாகிவிட்டது. இனி என்னால் கிளம்ப முடியாது, நீயும் கிளம்பாதே. படிவம் முடிக்கப்பட்டது.' கீழே கையொப்பம், தேதி. எத்தனையோ லிஃப்டுக்கு நீங்கள் இப்படி எழுதியிருப்பீர்கள். எழுத்து துளியும் நடுங்கவில்லை.

நான் அங்கே வந்து நிற்கலாம் என்று காலையில் தோன்றியது. டிக்கெட் விசாரிக்கக்கூடக் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்ட் வந்ததும் கால் நின்றுவிட்டது. நீங்கள் உட்கார்ந்த பெஞ்ச் எது என்று எனக்குத் தெரியாது. ஏழு பெஞ்ச் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் விதியை நான்தான் உங்களுக்கு எழுதினேன். மூன்று சான்று வேண்டும், சம்பந்தப்பட்டவர் தன் கையால் எழுதியதாக இருக்க வேண்டும். நான் அனுப்பிய மூன்றும் திரும்பி வந்துவிட்டன. மூன்றிலும் உங்கள் கையெழுத்துதான். இதற்குமேல் இதற்கு வேறு அர்த்தம் இருக்கிறது என்று நான் வாதாட முடியாது.

அகராதி வெளிவந்துவிட்டது. 'டிராவல்' என்பதற்குக் கீழே ஆறாவதாக உங்கள் முதல் வாக்கியம் இருக்கிறது, இருபத்தேழு மீட்டரோடு. தலைமை ஆசிரியர் முதல் பிரதியை என்னிடம் கொடுத்தார். அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கிளம்பின இடத்துக்கே திரும்பி வர்றதுதானேம்மா இது?" என்று பழைய கேலியை ஆரம்பித்தார். "ஆமா சார்" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் புத்தகத்தை மூடி என் கையில் வைத்தார்.

குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன். தண்ணீரை அடைத்துவிட்டுத்தான் கழற்றினேன். இப்போது சொட்டுவதில்லை.

இந்தத் தாளை உங்கள் அட்டையோடு சேர்த்துப் பெட்டியில் வைக்கிறேன். அச்சு முடிந்த பெட்டிகள் நாளை கிடங்குக்குப் போகின்றன. பிற்காலத்தில் யாராவது எடுத்துப் பார்த்தால் அவர்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாது. அதனால் ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கிறேன். பின்பக்கம் ஒன்றும் இல்லை. திருப்பிப் பார்த்துவிட்டேன்.

அகராதி